திருச்சுழிச் சீமையில் இரண்டு தொண்டர்கள்

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிக் கிழக்கே திருச்சுழிக்குப் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது வழக்கமில்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இருபுறமும் கரிசல் நிலம். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. பெய்யாவிட்டால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஆங்காங்கே ஒரு கண்மாய்க் கரை, கரைமேல் நாலைந்து பனைமரம், தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் சீமைக் கருவேலங்காடு, தூரத்தில் கரி மூட்டத்தின் புகை. பதினைந்து கிலோமீட்டர் தூரமும் இதே காட்சிதான். ஆகையால் பிரயாணிகள் சாமர்த்தியமாகத் தூங்கிவிடுவார்கள். இருபது வருஷமாக அந்த மார்க்கத்தில் போய்வரும் நானும் அப்படியே.

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று, எனக்கு முன் ஆசனத்திலிருந்த இருவர் தூங்கவில்லை. ஒருத்தி ஜெர்மனி தேசத்துப் பெண். வயது இருபத்தாறு இருக்கும். மற்றொருவன் பிரான்ஸ் தேசத்து வாலிபன். ஆளுக்கொரு முதுகுப் பை. பை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நம் பக்கத்தில் ஒரு குடும்பமே அதில் குடியிருக்கலாம். கண்டக்டர் அவர்களிடம் ஐந்து நிமிஷம் போராடிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரையா, இவுக எங்க போகணும்ங்கறாகன்னு கேளுங்களேன்" என்றார். இங்கிலீஷ் படித்ததன் பயன் இப்படி எப்போதாவது ஒரு நாள் கிடைக்கிறது.

அவர்கள் போக வேண்டிய இடம், ரமண மகரிஷி 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த வீடு. திருவண்ணாமலைக்குப் போய்விட்டு, அங்கே யாரோ சொல்லக் கேட்டு வந்திருந்தார்கள். அதற்கு முன் இரண்டு மாதம் புதுச்சேரிக்கு அருகே 'சாதனா ஃபாரஸ்ட்' என்னும் இடத்தில் தொண்டு செய்தார்களாம். 2003-இல் எழுபது ஏக்கர் கட்டாந்தரையில் ஆரம்பித்து, மழைநீரைத் தேக்கி, அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டுக் காடு வளர்க்கிற இடம் அது. விடியுமுன் எழுந்து குழி வெட்டுவது, சருகு சுமப்பது, நூறு பேருக்கும் சேர்த்துக் காய்கறி நறுக்குவது, பிறகு தத்தம் கழிவறையைத் தாமே சுத்தம் செய்வது என்று தினசரி வேலைகளை அந்தப் பெண் வரிசையாகச் சொன்னாள். முகத்தில் சலிப்பே கிடையாது.

மேனாட்டு வாலிபர்களிடையே இது இப்போது பெரு வழக்கமாகிவிட்டது. படிப்பு முடிந்ததும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு தேசாந்தரம் கிளம்பி விடுகிறார்கள். அரை நாள் உழைப்பு. அதற்குச் சாப்பாடும் படுக்க இடமும். 1971-ஆம் வருஷத்தில் லண்டனில் காரியதரிசி உத்தியோகம் பார்த்த சூ காப்பர்டு என்னும் பெண்மணி, வார விடுமுறையில் கிராமத்துப் பண்ணைகளுக்குப் போய் வேலை செய்ய நகரத்தாருக்கு ஓர் ஏற்பாடு செய்தார். அது வளர்ந்து இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. இதில் பதரும் உண்டு. விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டி வந்து, அநாதைக் குழந்தைகளுடன் இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் எத்தனை பேரிடம் ஒட்டிக்கொண்டு எத்தனை தடவை அழுவது? அந்த விஷயத்தை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, விட்டுவிடுகிறேன்.

திருச்சுழியில் முதலில் கோயிலுக்குப் போனோம். பூமிநாதர், துணைமாலையம்மை சந்நிதி. சுந்தரர் பாடிய ஸ்தலம். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்துப் பூமிக்குள் இறக்கியதால் ஊருக்குச் சுழி என்ற பெயர் வந்ததென்பது புராணம். பக்கத்தில் குண்டாறு மணலாய்க் கிடந்தது. "வெள்ளம் எங்கே?" என்று பிரெஞ்சு வாலிபன் கேட்டான். "சுவாமி முழுவதையும் இறக்கிவிட்டார்" என்றேன்.

கோயிலை அடுத்துள்ள வீட்டுக்குச் 'சுந்தர மந்திரம்' என்று பெயர். மகரிஷியின் தகப்பனார் சுந்தரமையர் அவ்வூரில் வக்கீல். அவர் வீட்டை இரு பகுதியாக வைத்துக்கொண்டு, ஒன்றில் குடும்பமும், மற்றொன்றில் ஊருக்குப் புதிதாக வருகிற விருந்தாளிகளும் தங்கும்படி செய்திருந்தார் என்று சரித்திரம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். இன்னொரு கதையும் அக்குடும்பத்தில் உண்டு. முன்னொரு காலத்தில் பிச்சைக்கு வந்த சந்நியாசி ஒருவருக்குச் சோறில்லையென்று அனுப்பிவிட்டார்களாம். தலைமுறைக்கு ஒருவன் இப்படி அலைந்து பிச்சை எடுக்கட்டும் என்று அவர் சபித்தாராம். மகரிஷியும் ஒரு வகையில் மூட்டையில்லாத பிரயாணிதான். 1896 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, அண்ணாவின் காலேஜ் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மதுரையில் ரயில் ஏறினார். டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. வழியில் பணம் தீர்ந்து, கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கி, செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தார். அடகுச் சீட்டைக் கிழித்து எறிந்துவிட்டார் என்று நான் சொன்னபோது அந்தப் பெண் தன் பையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் கேட்ட கேள்வியினால்தான் இக்கட்டுரை எழுத நேர்ந்தது. "இங்கே சில வாரம் இருந்து ஏதாவது வேலை செய்யலாமா?" என்றார்கள்.

திருச்சுழிக்கு அப்பால் ஒரு சிறு கிராமத்தில் என் பெரியம்மா இருக்கிறாள். வயது எழுபத்திரண்டு, தனிக்கட்டை. மல்லிகைப் பூக் கட்டிக் கொடுத்துக் காலட்சேபம் செய்கிறாள். அருப்புக்கோட்டை என்ற பெயரே 'அரும்புக் கோட்டை' என்பதன் மரூஉ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது எப்படியானாலும் பூ உண்டு. பெண்ணைப் பெரியம்மா வீட்டிலும், வாலிபனை அதே தெருவில் காலியாகக் கிடந்த என் தகப்பனார் வீட்டிலும் தங்கவைத்தேன். அயல்நாட்டாரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் சர்க்காருக்குப் படிவம் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து எழுதினேன். தங்குமிடத்தின் தரம் என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. பெரியம்மாவின் திண்ணைக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது? சுற்றுலா விசாவில் வந்தவர்கள் ஒரு மாதத்துக்கு மேற்படாமல், கூலி எதுவும் பெறாமல் தொண்டு செய்யலாம் என்ற விதியையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வாலிபன் கருவேலத்தை ஒழிப்பதென்று தீர்மானித்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து விறகுக்காகச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட இந்த மரம் எங்கள் கண்மாய்களையெல்லாம் விழுங்கிவிட்டது உண்மை. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லியது. ஆனால் விளைச்சல் பொய்த்த வருஷத்தில் இந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. பகைவனும் அவனே, படியளப்பவனும் அவனே. வாலிபன் மூன்று நாள் அரிவாள் பிடித்து வெட்டினான். நாலாம் நாள் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறிற்று. அவன் வெட்டிய அடிமரங்கள் மழை பெய்தால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பறிக்க வேண்டுமானால் இயந்திரம் வேண்டும். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அவனுடைய மூன்று நாள் வேலையைச் செய்துவிடும். கரி மூட்டத்துக்காரர் ஒருவர் அவனைத் தட்டிக் கொடுத்து, "தம்பி, இங்க கைக்கா பஞ்சம்? கூலிக்குத்தான் பஞ்சம்" என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். அவன் வெகு நேரம் பேசவில்லை.

இதற்கு முன்பும் இந்தத் தேசத்துக்குத் தொண்டர்கள் வந்ததுண்டு. 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரைப் பூகம்பம் குலுக்கிய பிறகு, பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் சில சகாக்களுடன் வந்து, முஸபர்பூர்ப் பக்கத்தில் கிராமங்களைத் திரும்பக் கட்டுவதில் ஈடுபட்டார். பாபு ராஜேந்திர பிரசாத் நிவாரண வேலையை முன்னின்று நடத்திக்கொண்டிருந்த சமயம் அது. பீகாரிலும் அன்று கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெள்ளைக்காரர் என்றால் உத்தரவு போடுகிறவர் என்றிருந்த காலத்தில், ஒருவர் கூலிக்காரருடன் நின்று மண் சுமந்தால் அதற்கு வேறொரு மதிப்பு உண்டல்லவா? இன்றைக்கு அந்த மதிப்பும் இல்லை. எங்கள் ஊர்ப் பையன்களே துபாயிலும் சிங்கப்பூரிலும் வெள்ளைக்காரர்களோடு வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இனி நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கிராமத்துக் கிணறுகள் உப்பு. பாத்திரம் துலக்கலாம், மாட்டைக் குளிப்பாட்டலாம். வாயில் வைக்க முடியாது, மேலுக்கு ஊற்றினால் தலைமயிர் சடையாகிவிடும். நல்ல தண்ணீர் வண்டியில் வருகிறது. குடம் பத்து ரூபாய். பெரியம்மாவுக்கு நாளொன்றுக்கு இரண்டு குடம் போதும். ஜெர்மானியப் பெண் வந்த மறுநாளே எட்டுக் குடம் இறங்கியது. காலையும் மாலையும் அவள் குளிப்பதற்கு நல்ல தண்ணீர் அண்டாவில் நிறைந்திருக்கும். அவளைக் குறை சொல்ல நியாயமில்லை. சாதனா ஃபாரஸ்டில் வாளிக் கணக்காகத் தண்ணீரை அளந்து குளித்துப் பழகியவள்தான். இங்கே அண்டா நிறைய இருந்ததால் தண்ணீருக்குக் குறைவில்லை என்று நினைத்துவிட்டாள். பெரியம்மாவோ, "இன்னும் ரெண்டு செம்பு ஊத்திக்க தாயி, உடம்பு கொதிக்குது பாரு" என்று சைகையால் உபசரித்துக்கொண்டிருந்தாள். பூக் கட்டி வருகிற காசு அவ்வளவும் தண்ணீர் வண்டிக்குப் போயிற்று. பெரியம்மா தனக்கென்று ராத்திரிச் சமையலை நிறுத்திவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

ஆறாம் நாள் விடியற்காலையில் அந்தப் பெண் சீக்கிரமாக விழித்துக்கொண்டாள். பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து வண்டிக்காரருக்குச் சில்லறை எண்ணிக் கொடுப்பதையும், பிறகு உப்புக் கிணற்றில் இறைத்துத் தன் தலையில் ஊற்றிக்கொள்வதையும் பார்த்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் ஊரில் இருந்தேன். நேரே என்னிடம் வந்தாள். கோயில் கதை, கண்மாய்க் கதை, சந்நியாசி கதை எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொன்ன உபாத்தியாயர் இதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கண்ணில் நீர் நின்றது. விருந்தோம்பல், மரபு, பண்பாடு என்று பல பதில்கள் என் வாய்க்கு வந்தன. உண்மையான பதில் ஒன்றுதான்: எனக்கு வெட்கம். எங்கள் சீமையில் குளிக்கத் தண்ணீர் இல்லை என்று ஐரோப்பாவிலிருந்து வந்தவளிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வெட்கத்துக்கு ஒரு கிழவி பட்டினியாகக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பணத்தை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினாள். பெரியம்மா இரண்டடி பின்வாங்கினாள். "எய்யா, நான் என்ன லாட்ஜா நடத்துறேன்? வந்தவகிட்டத் தண்ணிக்குக் காசு வாங்குனேன்னு தெரிஞ்சா எவளாச்சும் என் நடையேறுவாளா? பைய மூடச் சொல்லு" என்றாள். இதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அன்று முழுவதும் அந்த வீட்டில் பேச்சில்லை.

மறுநாள் அந்தப் பெண் தானாகவே வாளியை எடுத்துக்கொண்டு உப்புக் கிணற்றடிக்குப் போனாள். அங்கே பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அதுவரை அவளைத் தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்தவர்கள், தலையில் உப்புத் தண்ணீர் பட்டதும் அவள் முகம் கோணியதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி அரப்புத் தூளைக் கொடுத்துத் தேய்க்கக் காட்டிக் கொடுத்தாள். தொண்டு செய்ய வந்த ஏழாம் நாள், அவளுக்கு ஊரார் செய்த தொண்டு அது. அன்று முதல் அவள் பெயர் 'உப்பாத்தா'.

பிறகு அவள் பூப் பறிக்கப் போனாள். ஓரளவு நல்ல ஊற்றுள்ள தோட்டம் ஒன்றில் அரை ஏக்கர் மல்லிகை இருக்கிறது. வெயில் ஏறுமுன், விரியாத அரும்பாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். கிலோக் கணக்கில் கூலி. முதல் நாள் பெரியம்மா மூன்று கிலோ பறித்த நேரத்தில் அவள் முக்கால் கிலோ பறித்தாள். அதிலும் பாதி காம்பு போனது. தோட்டக்காரர் நியாயஸ்தர், எல்லாருக்கும் போல் அவளுக்கும் நிறுத்துக் காசை எடுத்து நீட்டினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. விசா விதி கூலி வாங்கக் கூடாது என்கிறதே! இந்த அற்பத் தொகைக்காக அந்தப் பெண் ராஜாங்கத்தோடு வழக்காட நேர்ந்தால் என்ன செய்வது? தோட்டக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு க்ஷணம் யோசித்தார். "அதுக்கென்ன வாத்தியாரையா, அது பறிச்ச பூவையும் பெரியம்மா நிறுவையில போட்டுருவோம்" என்றார்.

பெரியம்மா இதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளுக்கு நிறுவைக் கணக்குத் தெரிந்தால்தானே? தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம். வாரக் கடைசியில் அவள் என்னைத் தனியே கூப்பிட்டு, "என் கை மூணு கிலோவுக்கு மேல எந்தக் காலத்துல பறிச்சிருக்கு? சரி, போகட்டும். புள்ள ஆசைப்படுது" என்றாள். ராத்திரிச் சமையல் மறுபடி ஆரம்பமாயிற்று. மூன்றாவது வாரத்தில் பூ ஒன்றரைக் கிலோவாக உயர்ந்தது. பிரெஞ்சு வாலிபன் கால் ஆறியதும் கரி மூட்டத்தில் ராக்காவலுக்கு உட்கார்ந்தான். மூட்டத்தில் மண் விரிசல் விட்டால் காற்றுப் புகுந்து கரியெல்லாம் சாம்பலாகிவிடும். விடிய விடிய விழித்திருந்து பூச வேண்டும். அந்த வேலைக்கு அங்கே உண்மையிலேயே ஆள் தேவைப்பட்டது. தூக்கத்தைத் தானம் செய்ய யாருக்கு இஷ்டம்?

இருபத்தெட்டாம் நாள் இருவரும் புறப்பட்டார்கள். பெரியம்மா அந்தப் பெண்ணின் தலையில் இரண்டு முழம் பூ வைத்தாள். சடை விழுந்த மயிரில் அது நன்றாக நின்றது. பஸ் கண்டக்டர் இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. அவளே, "அருப்புக்கோட்டை, ரெண்டு" என்று டிக்கெட் வாங்கினாள்.

ஐப்பசி மழைக்குப் பின் அவளிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. கண்மாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டிருந்தாள். பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைக்காமலே, "அரைக் கண்மாய் பெருகிருக்குன்னு எழுது. கெணறு மட்டும் இன்னும் உப்புத்தான்னு எழுதிரு. மறைக்காத" என்றாள்.

எழுதினேன்.