விளக்கெல்லாம் எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை

அமெரிக்காவில் ஆர்வி வைத்திருப்பவர்களிடம் பேட்டரிப் பேச்சை எடுத்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாவற்றையும் சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு சுற்றும் அந்த வண்டிகளில் இப்போது பலரும் பழைய ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் போடுகிறார்கள். நியாயம்தான். 100 ஆம்பியர்-அவர் ஆசிட் பேட்டரி 30 கிலோவை நெருங்கும். பாதிக்குமேல் இறக்கினால் ஆயுளும் குறையும். லித்தியம் ஏறக்குறைய அதில் பாதி எடைதான். உள்ளே இருப்பதை அநேகமாக முழுவதும் எடுத்துக்கொள்ளலாம்.

ஃபீனிக்ஸில் இருக்கும் என் நண்பரும் மாற்றினார். ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்துக் காட்டில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், நவம்பர் மாதத்து விடிகாலை. நானும் கூட இருந்தேன். கண்ணாடியில் உறைபனி. வண்டியில் இன்வெர்ட்டர் கிடையாது. மைக்ரோவேவில் பால் சுட வைக்க ஜெனரேட்டர்தான் ஓடவேண்டும். அதைக் கிளப்புவதும் அந்த லித்தியம் பேட்டரிதான். பட்டனை அழுத்தினார். ஒரு முனகல் கேட்டது. உடனே விளக்கு, ஹீட்டர் விசிறி எல்லாம் போய்விட்டன.

"ராத்திரி பார்த்தப்ப எண்பது பர்சென்ட் இருந்துச்சேப்பா!" என்றார்.

இருந்தது, பொய்யில்லை. ஆனால் லித்தியம் பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்று ஒரு காவல் பலகை உட்கார்ந்திருக்கிறது. 100 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் தொடர்ச்சியாக 100 ஆம்பியர், சில நொடிகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் என்பதுதான் பெரும்பாலும் அதன் கணக்கு. செல்ஃப் மோட்டாரோ நின்ற நிலையிலிருந்து கிளம்பும் முதல் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். குளிரில் ஆயில் வேறு கெட்டிப்பட்டிருக்கும். வரம்பைத் தாண்டியதும் பலகை துண்டித்துவிடுகிறது. கணக்கில் லட்சம் இருந்தாலும் ஏடிஎம் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று கைவிரிக்கிற கதை.

ஆசிட் பேட்டரிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. விளக்கு மங்கும், வோல்ட் பத்துக்குப் பக்கத்தில் சரியும், மூச்சிரைத்துக்கொண்டாவது சில நூறு ஆம்பியர் கொடுத்துவிடும். 1912 காடிலாக் காரில் பொறியாளர் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்து, கைப்பிடி சுற்றும் வேலை ஒழிந்த நாளிலிருந்து அதன் உத்தியோகமே இதுதான். நம் ஊர்க் கடைவாசல் ஜெனரேட்டருக்காவது இழுக்கக் கயிறு உண்டு. ஆர்விக்குள் பதித்த ஜெனரேட்டருக்குப் பொதுவாக அதுவும் கிடையாது. மின்சாரம் தரவேண்டியது, எழுந்திருக்கவே மின்சாரம் கேட்கும்.

லித்தியத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆர்விகளில் பெரும்பாலும் போடும் இரும்பு பாஸ்பேட் வகையை டெக்சாஸில் விஞ்ஞானி குட்இனஃபின் குழு 1990களில் கண்டறிந்தது. லித்தியம் பேட்டரிப் பணிக்காக அவருக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. செல்ஃப் அடிப்பதற்கென்றே செய்த லித்தியம் பேட்டரிகள் பைக்குகளில் ஓடுகின்றன. ஆகவே செல்களுக்குச் சக்தி இல்லை என்பதல்ல. ஆர்வியின் விளக்கு, விசிறிக்கான ‘வீட்டு’ பேட்டரியின் பலகை வேறு வேலைக்காக அமைந்தது. செல்கள் கெடாமல் காப்பது அதன் கடமை. அன்று அது செய்ததும் அதைத்தான்.

டாஷ்போர்டில் இன்ஜின் பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் தற்காலிகமாக இணைக்கும் சுவிட்ச் ஒன்று இருந்தது. அதை நண்பர் அழுத்திப் பிடிக்க, நான் பட்டனை அழுத்த, ஜெனரேட்டர் உறுமியது. பால் சூடாயிற்று. ஆனாலும் லித்தியம் சார்ஜ் ஏற மறுத்தது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து அதைக் கெடுத்துவிடும் என்பதால் பலகை அதையும் தடுத்து வைத்திருந்தது. வெயில் ஏறிய பிறகுதான் மனம் இரங்கியது.

இரண்டு லித்தியம் பேட்டரிகளை இணையாகப் போட்டால் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். நண்பர் செய்தது அதைவிட மலிவு: ஜெனரேட்டருக்கு மட்டும் சின்னதாக ஓர் ஆசிட் பேட்டரி, அதற்குத் தனி சார்ஜர். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

லித்தியம் வாங்கப்போகிறவர்கள் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆம்பியர்-அவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். உச்ச மின்னோட்டம் எத்தனை ஆம்பியர், எத்தனை நொடிக்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.