கொதிகலனும் நீரும்

குளிர்நாடுகளில் இல்லத்தை வெப்பமாக வைத்தல் ஆடம்பரமன்று; உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது. இங்கிலாந்து நாட்டுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கொதிகலன்களுக்கெனத் தனியறை இருக்கும். அங்கே சூடேறிய நீர் குழாய்களின் வழியே அறைதோறும் சென்று, வெப்பத்தை வழங்கிவிட்டுக் குளிர்ந்து மீளும். மீண்ட நீர் மறுபடியும் சூடேறும். அறைகளில் இருப்போர் அக்கொதிகலனை நினைப்பதில்லை. அது நின்ற நாளன்றே நினைப்பர்.

கொதிகலனுக்கு நெருப்பினும் நீரே பெரும்பகை என்றால் வியப்பாகத் தோன்றும். இலண்டன் மாநகரைச் சூழ்ந்த குன்றுகள் சுண்ணப் பாறையால் ஆனவை. அப்பாறையினூடே ஊறிவரும் நீர் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் அந்நீர் காய்ந்ததும், கரைந்திருந்த சுண்ணம் பிரிந்து உலோகத்தின்மேல் ஓடுபோல் படிகிறது. வெந்நீர்த் தவலையின் அடியில் காணும் வெண்படிவும் இவ்வகையினதே. படிவு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே நெருப்பை அடுத்துள்ள உலோகம் தன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்கமாட்டாமல் அளவுமீறிக் காய்ந்து, நாளடைவில் பிளவுறும். படிவின் அடியில் அகப்பட்ட நீர் கொதிப்பதால், கெண்டியில் நீர் கொதிப்பது போன்ற இரைச்சல் எழும். தேர்ந்த பணியாளன் அவ்வொலியைக் கேட்டே நோயை அறிவான்.

கிளாஸ்கோ நகரின் நிலை வேறு. 1859ஆம் ஆண்டு விக்டோரியா அரசியார் திறந்துவைத்த கால்வாயின் வழியே கேட்ரின் ஏரியின் நீர் அந்நகரை அடைகிறது. அது சுண்ணம் மிகக் குறைந்த மென்னீர். படிவைப் பற்றிய அச்சம் அங்கே குறைவு. ஆயினும் எந்நீரிலும் பிராணவாயு கரைந்திருக்கிறது. அஃது இரும்பை அரிக்கும். அரித்த இரும்பு கருஞ்சேறாகிக் குழாய்களின் தாழ்ந்த இடங்களில் தங்கும்.

இங்கே ஒரு புதுமை உண்டு. மூடிய குழாய்களுக்குள் முதலில் நிரப்பிய நீரிலுள்ள பிராணவாயு, சிறிது இரும்பை அரித்தவுடன் தீர்ந்துவிடும். அதன்பின் அந்நீர் அடங்கிக் கிடக்கும். நிறம் மங்கிய பழைய நீரே ஆங்கு நல்ல நீர். பளிங்குபோன்ற புதுநீரே தீங்கு செய்வது. குழாயில் எங்கோ ஒழுக்கு இருக்க, அதனை அடைக்காமல் நாள்தோறும் புதுநீர் விட்டு நிரப்புவோர், நாள்தோறும் புதிய சுண்ணத்தையும் பிராணவாயுவையும் உள்ளே விடுகின்றனர். அறிந்தோர், புதுநீர் புகும் வாயிலில் ஓர் அளவுகருவியைப் பொருத்தி அதனைக் கண்காணிப்பர். கடின நீரை மென்னீராக்கி விடுதலும், அரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கலத்தலும் பிற காப்புகளாம்.

இதுகாறும் கூறியது கொதிகலனுக்குள் சுழலும் நீர். அதனின்று புறம்போகும் நீரும் ஒன்றுண்டு. எரிவாயு எரியுங்கால் நீராவி பிறக்கிறது. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட நீர் உண்டாகும். பழைய கொதிகலன்கள் அவ்வாவியைப் புகைபோக்கி வழியே வீணே விட்டன. புதிய கொதிகலன்கள் புகையை ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே குளிர்வித்து, ஆவியை நீராக்கி, அதிலுள்ள வெப்பத்தையும் கவர்ந்துகொள்கின்றன. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், இங்கிலாந்திலும் வேல்சிலும் வீடுகளில் புதிதாக வைக்கும் எரிவாயுக் கொதிகலன்கள், சில விலக்குகள் நீங்கலாக, இவ்வகையினவாக இருத்தல் வேண்டுமென விதி செய்தனர்.

அவ்வாறு வடியும் நீர், புகையிலுள்ள வாயுக்கள் கரைவதால் அமிலத்தன்மை உடையது. செம்பையும் சிமெண்டுக் காரையையும் அது தின்னும். ஆதலால் பிளாஸ்டிக் குழாயே அதற்கு ஏற்றது. பெரிய கட்டடங்களில் அந்நீரைச் சலவைக்கல் துண்டுகள் நிறைந்த பெட்டியினூடே செலுத்திப் பின்னரே சாக்கடைக்கு விடுவர். அமிலத்தை அடக்கும் கல் தானும் கரைந்து குறைவதால், அவ்வப்போது புதிய துண்டுகளை இடவேண்டும். கொதிகலனுள் மனிதனுக்கு ஆகாத சுண்ணமே, புறத்தே அவனுக்குத் துணையாகிறது!

2010 டிசம்பரில் பிரித்தானியாவில் கடுங்குளிர் நிலவியது. அயர்லாந்தின் வடபகுதியில் ஓரிடத்தில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 18 பாகையையும் கடந்தது. வெளிச்சுவரில் ஓடிய மெல்லிய வடிகுழாய்களில் நீர் உறைந்து அடைத்துக்கொண்டது. வழியின்றித் தேங்கிய நீர் கொதிகலனுள்ளே ஏறவே, பழுதேதும் இல்லாத கொதிகலன்கள் பல்லாயிரம் வீடுகளில் தாமே அணைந்தன. குழந்தைகளும் முதியோரும் நடுங்கினர். அதன் பின்னர், குழாய் இயன்றவரை வீட்டினுள்ளேயே செல்க என்றும், வெளியே சென்றே தீரவேண்டுமாயின் 32 மில்லிமீட்டர் அகலமேனும் கொண்டு, சரிவாக, மேலுறை போர்த்தியதாக இருத்தல் வேண்டும் என்றும் வகுத்தனர். அன்றோ, வீட்டார் அடுப்பில் ஒரு கெண்டி நீரைக் காய்ச்சி, சூடு சிறிது ஆறியபின் வெளியே எடுத்துச் சென்று, பனி மூடிய குழாயின்மேல் ஊற்றினர். பனிக்கட்டி நெகிழ்ந்து நீர் வடிந்த பின்னரே கொதிகலன் மீண்டும் எரிந்தது.