பான்பரியில் ஒரு படகு வீடு

பான்பரி என்னும் ஊர்ப்பெயர், ஆங்கில அரிவரி வகுப்பில் அமர்ந்த நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பழகியதே. வெள்ளைக் குதிரையேறிய சீமாட்டியைக் காண வருமாறு அழைக்கும் அந்தப் பாலர் பாட்டை, ஊர் எங்கே இருக்கிறது என்று அறியாமலே தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறோம். ஒக்ஸ்போர்ட் நகருக்கு வடக்கே ஏறத்தாழ இருபது மைல் தூரத்தில் இருக்கிறது அவ்வூர். பாட்டில் வரும் பழைய சிலுவைத் தூண் 1600ஆம் ஆண்டளவிலே சமயச் சண்டையில் இடிக்கப்பட்டுப் போயிற்று. இப்பொழுது சந்தியில் நிற்பது 1859இல் எழுப்பப்பட்டது. பிரயாணிகள் அதன் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது அவர்கள் பாராமற் போகும் இன்னோர் இடத்தைப் பற்றி.

இலண்டனில் வாழும் என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, நானும் என் மனைவியும் ஒரு நாட் காலையிற் புகைவண்டியேறிப் பான்பரிக்குப் போனோம். கடைத்தெருக்களைக் கடந்து சென்றால், புதுப்பாணியில் அமைந்த பெரிய அங்காடிக் கட்டடம் ஒன்று எதிர்ப்படுகிறது. அதன் ஓரமாக, கபில நிற நீர் நிறைந்த கால்வாய் ஒன்று ஓசையின்றிக் கிடக்கிறது. கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே, இடம் மாறி வந்து உட்கார்ந்துவிட்ட கிழவரைப் போல, ஒரு கொல்லன் உலையும் ஒரு படகுத் துறையும் இருக்கின்றன. அதுதான் டூலி குடும்பத்தாரின் படகுப் பட்டறை. அங்காடியைக் கட்டியவர்கள் இதை இடித்துவிடாமல் விட்டது பெரும் புண்ணியம்.

கால்வாயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரை ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் உண்டு. ஆனால் அது சமநிலத்தில் ஓடுவது. இங்கிலாந்திலோ கால்வாய்கள் மேடும் பள்ளமும் ஏறி இறங்குகின்றன. மேட்டுக்கு ஏற வேண்டிய இடங்களில் இரு புறமும் கதவிட்ட கல் தொட்டிகளைக் கட்டி, நீரை நிரப்பியும் வடித்தும் படகை உயர்த்துகிறார்கள், தாழ்த்துகிறார்கள். நிலக்கரியை ஒக்ஸ்போர்டுக்குக் கொண்டுவர வெட்டப்பட்ட இக்கால்வாய் 1778இல் பான்பரியை அடைந்தது. 1790இல் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்தது. செலவு கருதித் தொட்டிகளை ஏழடி அகலத்துக்குச் சற்று மேலாக மட்டுமே அமைத்தார்கள். எனவே படகுகளும் ஏழடி அகலமும் எழுபதடி நீளமுமாக, ஓலைப்பெட்டியை இழுத்து நீட்டியது போல் ஆயின. குதிரையோ கோவேறு கழுதையோ கரையோரம் நடந்து இழுக்க, இருபது தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி நீரிலே வழுக்கிச் செல்லும். பின்னர் புகைவண்டி வந்தது. கால்வாய்கள் சிறுகச் சிறுகத் தேய்ந்தன.

தேய்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், 1939ஆம் ஆண்டிலே, டூலியின் துறைக்கு ஒரு பழைய படகு வந்தது. பெயர் கிரெசி. சரக்கேற்றித் திரிந்து ஓய்ந்த மரப்படகு. அதை வாங்கியவர் டொம் ரோல்ட் என்னும் இளைஞர். 1910இல் செஸ்டர் நகரிற் பிறந்தவர். புகைவண்டி இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பழகியவர். அத்தொழிற்சாலை பொருளாதார மந்தத்தில் மூடப்பட்டுவிட்டது. பிறகு நண்பரோடு சேர்ந்து ஹம்ஷயர் மாகாணத்தில் மோட்டார் திருத்துமிடம் ஒன்றை நடத்தினார். அங்கேதான் அஞ்ஜெலா என்னும் பெண், ஓர் அல்பா ரோமியோக் காரில் வந்து இறங்கினாள். வேகமான கார்களால் ஒன்றுசேர்ந்த இருவர், மணிக்கு மூன்று மைல் செல்லும் படகிலே வாழத் தீர்மானித்தார்கள் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

கிரெசி முன்பு ரோல்டின் மாமாவான கைல் வில்லன்ஸ் என்பவரிடம் இருந்தது. அவர் அதற்கு நீராவி இயந்திரம் பொருத்திப் பார்த்து, பின்னர் அதை எடுத்துவிட்டுப் பழைய போர்ட் மோட்டார் வண்டியின் இயந்திரத்தை வைத்தார். நவீன இயந்திர நாகரிகம் மனிதனின் கைத்திறனைக் கொன்றுவிடுகிறது என்று பிற்காலத்தில் நூல் நூலாக எழுதிய ரோல்ட், போர்ட் இயந்திரத்தின் தயவினால்தான் நாடு சுற்றினார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இயந்திரத்தைத் தன் கையாற் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்கு அதை ஏசுவதற்கும் ஓர் உரிமை உண்டு போலும்.

டூலியின் உலர்துறையை நாங்கள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு படகு மட்டும் நுழையத்தக்க நீண்ட குழி அது. படகை உள்ளே விட்டு, வாயிலை அடைத்து, நீரைத் தாழ்ந்த பக்கமாக வடித்துவிட்டால், படகு அடியிலுள்ள கட்டைகளின் மேல் அமர்ந்துகொள்ளும். பிறகு குனிந்தும் படுத்தும் அதன் வயிற்றைச் செப்பனிட வேண்டியதுதான். மரப்படகுக்குப் பகை நீர் மட்டுமன்று. நீரும் காற்றும் மாறி மாறித் தொடும் விளிம்புதான் முதலில் உளுக்கும். உளுத்த பலகையை நீக்கி, புதுப் பலகையை நீராவியில் வேகவைத்து வளைத்து அறைவார்கள். பலகைகளின் இடுக்குகளிலே, பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைத் தாரில் தோய்த்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு திணிப்பார்கள். நம் கடற்கரையிற் கலப்பற்று என்று சொல்லும் வேலை இதுதான். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் சேர்ந்த அன்னபூரணிக் கப்பலை நீர் புகாமற் காத்ததும் இத்தகைய கைவேலைதான். தொழில் எங்கும் ஒன்று. பூசும் பொருள்தான் வேறு. கால்வாய்ப் படகுக்காரர் பூசியதற்குச் சலிக்கோ என்று பெயர். தாரும் மாட்டுமயிரும் குதிரை இலத்தியும் சேர்த்துக் காய்ச்சி, சூடு ஆறுமுன் அடிப்பலகையிற் பூசுவார்கள். இதைச் சொன்னதும் என் மனைவி சிரித்துவிட்டு, “அப்ப எங்கடை ஆக்கள் சாணம் மெழுகினதைப் பார்த்து மூக்கைப் பொத்தினவை ஆர்?” என்று கேட்டாள். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

வெளிவேலை பட்டறைக்காரருடையது, படகின் உட்பக்கத்தை வீடாக்கும் எண்ணம் ரோல்டினுடையது. முன்பு சரக்குக் குவித்த இடத்திலே சமையற் கூடம், இருக்கும் அறை, படுக்கையறை, புத்தகத் தட்டுகள் எல்லாம் அமைந்தன. குளியல் தொட்டியும் ஒன்று வைத்தார்கள். அந்நாளில் கால்வாய்ப் படகிலே குளியல் தொட்டி என்றால், மாட்டு வண்டியில் மின்விசிறி பூட்டியது போல! தொழிற் படகுகளிலே ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது, பின்புறத்திலுள்ள பத்தடிக்கு உட்பட்ட ஒரு சிறு அறையில். அடுப்பும் கட்டிலும் மடக்கு மேசையும் அலமாரியும் அதற்குள்ளேதான். எஞ்சிய அறுபதடியும் சரக்குக்கு. ஆனாலும் அந்தச் சிறு அறையின் கதவிலே உரோசாப் பூக்களும், குளக்கரையில் நிற்கும் கோட்டைகளும் பளிச்சென்ற வர்ணங்களில் எழுதப்பட்டிருக்கும். கூரை மேல் வைக்கும் குடிநீர்க் கலத்திலும் பூவேலைதான். டூலி குடும்பத்தார் தச்சரும் கொல்லரும் மட்டுமல்லர். இந்தச் சித்திர வேலையிலும் கைதேர்ந்தவர்கள்.

“இஞ்சேருங்கோ, எழுபதடி நீளம் ஏழடி அகலம் எண்டால் எங்கடை பழைய வீட்டு விறாந்தைதானே! ஒருத்தர் வந்தால் மற்றவர் எங்கை ஒதுங்கிறது?” என்று மனைவி கேட்டாள். ஒதுங்க முடியாது என்பதே உண்மை. நெடுந்தூரம் போகும்போது ஒருவர் பின்னால் நின்று சுக்கான் பிடிக்க வேண்டும். மற்றவர் கரையில் இறங்கி ஓடி நீர்க்கதவுகளைத் திறக்க வேண்டும். இருவரில் ஒருவருக்குக் கோபம் வந்தாற் படகு நகராது.

1939 யூலை 11ஆம் திகதி, பெண் வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாக, டொம் ரோல்டும் அஞ்ஜெலாவும் விவாகம் செய்துகொண்டார்கள். அதே மாதம் 27ஆம் திகதி கிரெசி பான்பரியை விட்டு வடக்கே புறப்பட்டது. வீடு, வேலை, உறவு எல்லாவற்றையும் கரையில் விட்டு ஏறிய பயணம் அது. ஆறு கிழமை முடிவதற்குள், செப்டெம்பர் 3ஆம் திகதி, இங்கிலாந்து போரிற் குதித்தது. ரோல்ட் குரூ நகரத்து ரோல்ஸ் ரோய்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர்கள் கண்ட கனவுக் கோடை அவ்வளவுதான். படகை மட்டும் கைவிடவில்லை. 1941 முதல் ஐந்து ஆண்டுகள் வூஸ்டர்ஷயரில் டார்டபிக் என்னும் கிராமத்தருகே கட்டிவைத்து அதிலேயே வாழ்ந்தார்கள்.

அந்த முதற் பயணத்தைப் பற்றி ரோல்ட் எழுதிய நூலைப் பல பதிப்பாளர் திருப்பி அனுப்பினர். முடிவில் 1944 டிசெம்பரில் அது வெளிவந்தது. பெயர் நாரோ போட். ஒடுங்கிய படகு என்பது பொருள். குண்டுவீச்சிலும் பங்கீட்டுச் சீட்டுப் போன்ற கட்டுப்பாடுகளிலும் களைத்திருந்த மக்கள் அதை விரும்பிப் படித்தார்கள். அவர்களது சொந்த நாட்டின் கொல்லைப்புறத்தில் இப்படியொரு உலகம் இருப்பதை அன்றுதான் பலர் அறிந்தார்களாம். ஆசிரியத் தொழில் செய்பவன் என்ற முறையில் எனக்கு அந்நூலில் ஒரு குறை தெரிகிறது. படகு மக்களின் கைத்திறனையும் கண்ணியத்தையும் அது போற்றும்போது, ஒரு துறையில் இரண்டு நாள் தங்காத வாழ்க்கையினால் எழுத்தறியாமலே வளர்ந்த அவர்களின் பிள்ளைகள் என் கண்முன் வந்து நிற்கிறார்கள். பூ வரைந்த கதவின் பின்னால் அதுவும் இருந்தது.

நூலைப் படித்த ரொபட் எய்க்மன் என்னும் இலண்டன்வாசி ரோல்டுக்குக் கடிதம் எழுதினார். 1945இல் எய்க்மன் கிரெசிக்கே வந்து ரோல்டைச் சந்தித்தார். அச்சந்திப்பின் பயனாக 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. சங்கம் வெறும் மகஜர் எழுதிக்கொண்டிருக்கவில்லை. பேர்மிங்ஹம் நகரின் தெற்கே, கிங்ஸ் நோர்டனில், ஸ்ட்ரட்போர்ட் கால்வாயின் மேல் தூக்கக்கூடிய பாலம் ஒன்று இருந்தது. புகைவண்டிக் கொம்பனி அதைத் தூக்கமுடியாதபடி செய்துவிட்டது. ஆனால் அக்கால்வாயிற் படகு செலுத்தும் உரிமை சட்டப்படி அழியவில்லை. விஷயம் பாராளுமன்றம் வரை சென்றது. படகு வருவதாக அறிவித்தால் பாலத்தை உயர்த்தித் தருவதாக வாக்களித்தார்கள். ரோல்ட் உடனே அறிவித்தார். 1947 மே மாதத்தில் கிரெசி, சேறும் பாசியும் உரச உரச, உயர்த்திய பாலத்தின் கீழ் நுழைந்து சென்றது. அக்கால்வாயின் தென்பகுதி பாழடைந்து கிடந்து, பின்னர் தொண்டர்களாற் செப்பனிடப்பட்டு, 1964இல் மீண்டும் திறக்கப்பட்டது.

கிரெசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1951இல் அதன் அடிமரம் திருத்தமுடியாத அளவுக்கு உளுத்துவிட்டதென்று கண்டார்கள். அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டில், கொள்கைப் பிணக்கினால், தாம் தோற்றுவித்த சங்கத்திலிருந்தே ரோல்ட் நீக்கப்பட்டார். அதே ஆண்டில் அஞ்ஜெலாவும் அவரைப் பிரிந்தார். ரோல்ட் கரையில் நிலைத்து வாழ விரும்பினார். அஞ்ஜெலாவுக்கோ ஊர்ந்து செல்லும் வாழ்க்கை விட்டுப்போகவில்லை. அவர் பில்லி ஸ்மார்ட் சர்க்கஸ் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஏழடி அகலத்துக்குள் ஒதுங்கி ஒதுங்கி வாழ்ந்தவர்கள்! யார்மீது பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ரோல்ட் அவ்வாண்டே வேல்ஸ் நாட்டில் டல்லித்லின் என்னும் சிறு புகைவண்டிப் பாதையைத் தொண்டர்களைக் கொண்டு காப்பாற்றும் வேலையில் இறங்கினார். மீண்டும் மணம் செய்து, மேலும் பல நூல்கள் எழுதி, 1974இல் காலமானார்.

இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2000 மைல் நீர்வழிகள், 2012 முதல் ஒரு தரும நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. நிலக்கரி போய்விட்டது, அநேகமாக எல்லாம் உல்லாசப் படகுகளும் வீட்டுப் படகுகளுமே. அவற்றிற் பெரும்பாலானவை உருக்கினாற் செய்தவை. நாங்கள் போன அன்று டூலியின் உலர்துறையில் ஏறியிருந்ததும் ஓர் உருக்குப் படகுதான். குதிரை இலத்திக்கு அங்கே வேலையில்லை. தகர வாளியிலிருந்து கீல் எடுத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படிப் பூசாவிட்டால் உருக்கையும் துரு தின்றுவிடுமாம்.

பட்டறையில் 2010ஆம் ஆண்டு ரோல்டின் நூற்றாண்டு நினைவாகப் பதித்த நீல வட்டப் பலகை இருக்கிறது. அருகிலுள்ள 164ஆம் இலக்கப் பாலத்துக்கும் அவருடைய பெயரைத்தான் இட்டிருக்கிறார்கள். அஞ்ஜெலாவின் பெயரைக் காண வேண்டுமானால் நாரோ போட் நூலைத் திறக்க வேண்டும். அதிலுள்ள நிழற்படங்கள் அவர் எடுத்தவை.