மேல் லயமா, கீழ் லயமா

கிறிஸ்மசுக்குப் பிள்ளைகளோட மலேசியா போறோம்னு சொன்னதும், கூட வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தங்க கேட்டாங்க: "ஒங்களுக்கெல்லாம் அங்க யாரு இருக்கா?"

அந்த 'ஒங்களுக்கெல்லாம்' என்ற சொல்லுக்குள்ள என்ன இருக்குன்னு இதை வாசிக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி ஆண்டை வீட்டுத் திண்ணையிலயா போய் உக்காந்தான்? நேரா சேரிக்குத்தான் வந்தான். நாகப்பட்டினத்துல மூட்டையோட கப்பல் ஏறினதுல எங்க சனம் கொஞ்சநஞ்சமில்லை. கடலுக்கு அந்தாண்ட சொந்தம் இருக்கிறது எங்களுக்குத்தான். போய்ப் பார்க்கக் காசு இல்லை, அவ்வளவுதான்.

எங்க தாத்தா 11 வயசுல அவரோட அப்பா கையப் பிடிச்சிக்கிட்டுக் கப்பல் ஏறினவர். 1938-ல் தோட்டக் கூலிக்கு ஆள் போறதை இந்திய அரசாங்கம் தடை பண்ணிச்சு. அதுக்கு முன்னால போன கடைசிக் கூட்டத்துல அவர் ஒருத்தர். சப்பான்காரன் காலத்துல அவரோட அண்ணனை சயாம் ரயில்பாதை போடப் பிடிச்சிட்டுப் போனாங்க. திரும்பல. 1954 கடைசியில பெரியார் பர்மா போயிட்டு மலாயா வந்தப்ப, தோட்டத்துலருந்து சைக்கிள் மிதிச்சுப் போய்க் கூட்டம் கேட்டிருக்கிறார். கழுத்துல செபமாலை, காதுல பெரியார் பேச்சு. எங்க தாத்தாவுக்கு இது ரெண்டும் இடிக்கலை. எனக்கும் இடிக்கலை.

அம்மா பிறந்தது 1961-ல், கிள்ளான் பக்கத்துல ஒரு தோட்டத்து லயத்துல. 1969 கலவரத்துக்குப் பின்னால, குடியுரிமை இல்லாம சிவப்பு அடையாள அட்டை வச்சிருந்தவங்க வேலை பார்க்கவே பெர்மிட் வாங்கணும்னு ஆச்சு. பல்லாயிரம் பேர் மூட்டையைக் கட்டினாங்க. 30 வருசத்துக்கு மேல பால் வெட்டின தாத்தாவும் கட்டினார். 1970-ல் ரஜூலா கப்பல். அப்ப போர்ட் கிள்ளானுக்கு போர்ட் சுவெட்டன்ஹாம்னு பேரு. அம்மாவுக்கு ஒன்பது வயசு. பெரியம்மாவை அங்கயே கட்டிக் கொடுத்திருந்ததால அவங்க கரையில நின்னுட்டாங்க. அதுக்கப்புறம் அக்காளும் தங்கச்சியும் பார்த்துக்கிட்டது ஒரே ஒரு தரம், 1994-ல், பெரியம்மா வேளாங்கண்ணிக்கு வந்தப்ப.

இந்தியாக்காரங்க விசா இல்லாம 30 நாள் வந்து போகலாம்னு 2023 நவம்பர்ல மலேசியா அறிவிச்சதும், அம்மா மாசம் 5,000 ரூபாய்ச் சீட்டுல சேர்ந்துச்சு. வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு, என் சம்பளத்துல கொஞ்சம். அந்தச் சீட்டைத் தள்ளி எடுத்துத்தான் நாலு டிக்கெட்டு: அம்மா, நான், ஆறு வயசு மக, மூணு வயசுப் பையன். அவனுக்கும் முழு சீட்டுத்தான். ரெண்டு வயசு தாண்டிட்டா மடியில வச்சுக்கிட்டுப் போக விட மாட்டாங்க.

வீட்டுக்காரர் வரலை. கொத்தனாரு, எட்டாவதோட நின்னவர். பத்தாவது தேறாதவங்க பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர். என்று ஒரு குறி போடுவாங்க. 1983 குடியேற்றச் சட்டம் தந்த குறி அது. மலேசியா உட்பட 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா தனியா அனுமதி வாங்கணும். சுற்றிப் பார்க்கப் போறதுக்கு வேண்டாம்தான். ஆனா கையில காய்ப்பு காய்ச்சவன் 'சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறேன்'னு சொன்னா எந்தக் கவுண்டர்ல நம்புறாங்க? எங்க தெருவுல ரெண்டு பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்காங்க. அதோட, கிறிஸ்மஸ் ராத்திரி அவருக்கு ஊர்ல வேலை இருக்கு. அதைப் பின்னால சொல்றேன்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தது தனிக் கதை. அதுக்கு ரெண்டு பேரு. ஞானஸ்நானப் புத்தகத்துல மாதா பேரு. ரேஷன் கார்டுல, ஆதார்ல, சாதிச் சான்றிதழ்ல ஓர் அம்மன் பேரு. 1970-ல் ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்ப, கிறித்துவப் பேருன்னா ஆதிதிராவிடர் சலுகை கிடையாதுன்னு யாரோ சொல்ல, தாத்தா அங்கயே நின்னு பேரை மாத்தினார். பிறந்த ஊரையும் எங்க ஊர்னே எழுதிட்டார் தலைமையாசிரியர். 1950 ஜனாதிபதி ஆணை அப்படி. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தாங்க. எங்களுக்குத் திறக்கல. 2022-ல் போட்ட கமிஷன் வரைக்கும் எங்க சனத்துக்குப் பகல்ல ஒரு பேரு, பூசையில ஒரு பேரு.

"அம்மாச்சிக்கு எது நெசப் பேரு?" என்று மக கேட்டா. "ரெண்டும்தாண்டி" என்றது அம்மா.

டிசம்பர் 23 வரைக்கும் அரையாண்டுத் தேர்வு. பேப்பர் கட்டைக் கொடுத்துட்டு அன்னிக்கு ராத்திரியே திருச்சி ஏர்போர்ட். பெரிய புதுக் கட்டடம், 2024 ஜூன்லதான் பயன்பாட்டுக்கு வந்துச்சு. சின்னப் பிள்ளைகளை வச்சிக்கிட்டு நடக்கிற தூரமா அது? மக ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்தா. கிறிஸ்மஸ்னா வெளிநாட்டுல பனி கொட்டும்னு டி.வி. சொல்லிக் கொடுத்திருக்கு. அங்க டிசம்பர்ல மழையும் புழுக்கமும்தான்னு சொன்னேன், நம்பலை. பையன் ஏறினதும் வாந்தி. இறங்கும்போது காது அடைச்சு ஒரே அலறல். பால் பாட்டிலைக் குடுத்தா அடங்கும்னு சொல்லியிருந்தாங்க. அவன் பாட்டிலைத் தூக்கி எறிஞ்சான்.

பக்கத்து சீட்டுல ஒரு தம்பி. புதுக்கோட்டைப் பக்கம். கோலாலம்பூர்ல சாப்பாட்டுக் கடை வேலை, லீவு முடிஞ்சு போறாப்ல. பையனை வாங்கித் தோள்ல போட்டுத் தட்டிக் கொடுத்துக்கிட்டே பேச்சுக் கொடுத்தாப்ல. எந்த ஊரு? சொன்னேன். எந்தத் தெரு? ஆகாயத்துலயுமா தெருக் கேப்பாங்கன்னு எனக்குச் சுருக்குன்னுச்சு. "காலனித் தெரு" என்றேன், கொஞ்சம் சத்தமாவே. பையனைத் திருப்பிக் கொடுத்துருவாப்லயான்னு பார்த்தேன். சிரிச்சிட்டாப்ல. "நானும் காலனிதான்க்கா. அங்க கடையில எல்லாரும் இதத்தான் கேக்குறானுவ. நம்மளும் கேட்டுப் பழகிட்டோம்."

குடிநுழைவு வரிசையில நிக்கும்போது அம்மா பேரன் விரலைப் பிடிச்சு எண்ணிச்சு: "சத்து, டுவா, தீகா, அம்பாட்..." அம்பத்திநாலு வருசமா அந்த வாயிலிருந்து வராத பேச்சு. முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண் அதிகாரி அதைக் கேட்டுச் சிரிச்சு, இதுக்கு முன்னால வந்திருக்கீங்களான்னு ஆங்கிலத்துல கேட்டாங்க. நான் மொழிபெயர்த்தேன். 'நான் இங்கதான் பொறந்தேன்'னு சொல்ல அம்மாவுக்கு வாய் துடிச்சது எனக்குத் தெரிஞ்சுச்சு. பாஸ்போர்ட்டுல பிறந்த இடம் வேற. அம்மா என்னைப் பார்த்துச்சு. அப்புறம் இல்லேன்னு தலையாட்டிச்சு. பிறந்த மண்ணுல கால் வச்சதும் அது சொன்ன முதல் பதில்.

பெரியம்மாவுக்கு 77 வயசு. கிள்ளான்ல சின்னத் தொடர்வீடு. வாசல்லயே நின்னவங்க, அம்மாவை மாதா பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. ஊர்ல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்ப ஆள் இல்லை. ரெண்டு பேரும் அழலை. "பசியாறுனியா?" என்று கேட்டுக் கையப் பிடிச்சிட்டு உள்ள போயிட்டாங்க. நாங்க மூட்டையோட வாசல்லயே நின்னோம்.

அன்னிக்குச் சாயங்காலம் கோயில்லருந்து கேரல் பாடுறவங்க வந்தாங்க. கிட்டார், டோலக், தலையில சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளைங்க. தெருவுல ஒவ்வொரு கிறித்துவ வீடா வந்து, இங்கயும் உள்ள வந்து, சோபாவுல உக்காந்து பாடி, முறுக்குத் தின்னு, வெள்ளி வாங்கிக்கிட்டுப் போனாங்க. மக என் சேலையைப் பிடிச்சு இழுத்து, "அம்மா, நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்கம்மா" என்றா. பெரியம்மா மருமக பிள்ளை ஏதோ குதூகலத்துல சொல்லுதுன்னு நெனச்சுச்சு. ராத்திரி லூர்து மாதா கோயில்ல பூசை. 1928-ல் கட்டின கோயில். தமிழ்ப் பிரசங்கம், தமிழ்ப் பாட்டு. யாரு எந்தப் பெஞ்சுல உக்காரணும்னு ஒரு கணக்கும் இல்லை. அம்மா முதல் வரிசையில போய் உக்காந்துச்சு. எங்க பங்குல அது வாழ்நாள்ல உக்காராத வரிசை.

அப்ப மலேசியாவுல சாதி இல்லையான்னு கேப்பீங்க. கோயில்ல இல்லை, பந்தியில இல்லை. கல்யாணத்துல இருக்கு.

பூசை முடிஞ்சு வந்த பிறகு பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, போர்ட் கிள்ளான்ல லாரி ஓட்டுறவர், கார் கழுவுற சாக்குல என்னைக் கூப்பிட்டார். மகனுக்குக் கட்டியிருக்கிற பொண்ணு வேற ஆளுங்க. காதல் கல்யாணம். நாளைக்குச் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வர்றாங்க. "ஊருப் பேச்சு வேணாம் தங்கச்சி. கேட்டா திருச்சிப் பக்கம்னு சொல்லு, போதும்லா." அவர் குரல்ல அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்துச்சு. அது கோபத்தைக் கூட்டத்தான் செஞ்சுச்சு. டீச்சர் வேலை பார்க்கிற நான் ஊர்ல பத்துக் கூட்டத்துல பேசுறவ. சாப்பிடுற வீட்டுல என்ன சொல்ல? "நான் பொய் சொல்ல மாட்டேண்ணே. கேட்டாச் சொல்வேன்" என்றேன். அவர் ஹோஸ் பைப்பை மூடினார்.

கேட்டது என்னை இல்லை. 25 மத்தியானம், நெய்ச்சோறு, கோழிப் பிரட்டல். பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனக் குடும்பமும் வந்து தின்னுட்டுப் போன பிறகு, சம்பந்தியம்மா என் மகளை மடியில வச்சுக்கிட்டு, "உங்க ஊருல கிறிஸ்மஸ் எப்படிம்மா?" என்று கேட்டாங்க. நல்ல மனுஷி. அன்பாத்தான் கேட்டாங்க.

"எங்க தெருவுக்குக் கோயில் கேரல் வராது. ஊர்த் தெருவோட திரும்பிரும். நாங்களே களிமண்ணுல குழந்தையேசு செஞ்சு தூக்கிட்டுப் போவோம். எங்கப்பா முன்னாடி பறையடிச்சிட்டுப் போவாரு. அதான் அப்பா வரலை."

அண்ணன் தட்டைப் பார்த்தபடி இருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும். சம்பந்தியம்மா பிள்ளையை இறக்கி விடலை. ஆனா கை நின்னுபோச்சு. பிறகு பெரியம்மா பக்கம் திரும்பி, மெதுவா, "அந்தத் தோட்டத்துல நீங்க மேல் லயமா, கீழ் லயமா?" என்று கேட்டாங்க.

வெளியாளுக்கு இது ஒரு விலாசம் விசாரிக்கிற கேள்வி. தோட்டத்துல வளர்ந்தவங்களுக்குத் தெரியும். துரையும் கிராணியும் ஒண்ணா வேலை வாங்கினாலும், லயத்தைப் பிரிச்சுத்தான் குடி வச்சாங்க. கப்பல்ல வந்த சாதிக்கு அங்கயும் தனி வரிசை, சில இடத்துல தனிக் குழாய்.

"கீழ் லயம்," என்றாங்க பெரியம்மா. "எங்கப்பன் பெரட்டுக் களத்துல தப்படிச்ச ஆளு. சாவுக்கும் அடிப்பாரு, மாதா திருநாளுக்கும் அடிப்பாரு. நீங்க மேல் லயம்னு எனக்கு நிச்சயத்தப்பவே தெரியும். நீங்க கேக்கலை, நானும் சொல்லலை. இன்னும் ரெண்டு துண்டு கோழி வச்சுக்குங்க."

அவங்க வச்சுக்கலை. போதும்னு கையால காட்டினாங்க. கொஞ்ச நேரத்துல மழை வருதுன்னு கிளம்பினாங்க. மழை காலையிலருந்தே பெஞ்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கட்டி வச்சிருந்த முறுக்கு டப்பா மேசையிலயே நின்னுபோச்சு. அந்த வீட்டுப் பொண்ணு, அஞ்சு மாசக் கர்ப்பிணி, அம்மாவை வழியனுப்ப வாசல் வரை போகாம, டப்பாவைத் திறந்து என் மகளுக்கு ஒண்ணு கொடுத்து, தானும் ஒண்ணு கடிச்சிக்கிட்டு உக்காந்துருச்சு.

மறுநாள் அண்ணன் கார் எடுத்தார், யாரும் கேக்காமலே. தோட்டம் இருந்த இடம் பாதி செம்பனை, பாதி வீடுங்க. பால் மரம் ஒண்ணு கூட இல்லை. மாரியம்மன் கோயில் ஒண்ணு நின்னுச்சு. லயம் இல்லை. அம்மா ரோட்டோரம் நின்னு கை நீட்டி, ஆயாக் கொட்டகை இங்க, கிராணி வீடு அங்க, நம்ம லயம் அந்தப் பள்ளத்துல, மழை பெஞ்சா முட்டிக்கால் தண்ணின்னு சொல்லிக்கிட்டே போச்சு. மக பள்ளத்துல இறங்கிக் காலால தண்ணியை எத்தினா. "எங்கம்மா இதெல்லாம் சொன்னதே இல்லை" என்றார் அண்ணன். என்கிட்டச் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கிட்டாரான்னு தெரியலை. அவருக்கு 52 வயசு.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்காரர் வாட்ஸ்ஆப்ல வந்தார். இந்த வருசம் களிமண் குழந்தையேசுக்கு மூக்கு உடைஞ்சிருச்சாம், மழையில. அண்ணன் மகன் போனை வாங்கி, "மச்சான், அதை அடிச்சுக் காட்டுங்க" என்று கேட்டான். ஊர்ல மணி எட்டரை, அங்க பதினொண்ணு. அவர் பறையைக் காய்ச்சக்கூட இல்லை. அப்படியே அடிச்சார். பையன் தூக்கத்துலருந்து எழுந்து அழுதான்.

வந்து மாசங்கள் ஆச்சு. அண்ணன் மருமகளுக்குப் பெண் குழந்தை. ஞானத்தாயா எங்க அம்மாதான் நிக்கணும்னு அந்தப் பொண்ணு பெரியம்மா போன்ல சொல்லியிருக்கு. எங்க பள்ளி லீவு பார்த்து வச்சுக்கலாமாம். சம்பந்தி வீட்டுல இன்னும் பதில் இல்லை. அம்மா மறுபடியும் சீட்டுல சேர்ந்துருச்சு. அதுக்கு இப்ப கவலை வேற ஒண்ணு. கோயில் புத்தகத்துல ஞானத்தாய் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டைக் கேட்டாங்கன்னா எந்தப் பேரை எழுதுவாங்கன்னு என்னைக் கேக்குது.