குகைவழியும் கொத்தளமும்



செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் ரயில் பகவதிபுரத்தைக் கடந்ததும் மலைக்குள் புகுகிறது. 1904-இல் திறக்கப்பட்ட அப்பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு, 2018-இல் முழுமையாக மீண்டும் இயங்கத் தொடங்கியது. குகைக்குள் செல்லும் வண்டியை மலைமேல் நிற்பவர் காண இயலாது. அது ஆரியங்காவுப் பக்கத்தில்தான் வெளிப்படும். அக்குகையை இவ்வாரம் எனக்கு நினைப்பூட்டியவர் நம் சபையின் வாலிபர் ஒருவர்.

2011-இல் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கிய பின்னர், மென்பொருள் எழுதுவோர் நம் பகுதிக்குப் புதியவரல்லர். இவரும் அத்தொழிலினரே. சபைப் பதிவேட்டுக்காக ஊதியமின்றி ஒரு மென்பொருள் எழுதி வருகிறார். ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றோடு ஜெப விண்ணப்பங்களும் அதில் சேரும். ஒரு மகனின் கடன், ஒரு தாயின் புற்றுநோய், கணவனிடம்கூடச் சொல்லப்படாத துயரம் என, எவரும் அறியலாகாதவை என்று நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை அவை. தரவுத்தளமோ மும்பையிலுள்ள மேகக் கணினியில் இருக்கிறது. அவர் வேலை செய்வது செங்கோட்டையில், தம் வீட்டு மடிக்கணினியில். "தம்பி, இடையிலுள்ள வழி எப்படிப்பட்டது?" என்று கேட்டேன்.

"ஐயா, அந்தத் தரவுத்தளத்துக்கு வெளியுலக முகவரியே கிடையாது" என்றார். இணையத்தை நோக்கி நிற்பது சிறிய சர்வர் ஒன்று மட்டுமே. அதற்குப் பாஸ்டியன் என்று பெயராம். கோட்டைக் கொத்தளத்தைக் குறிக்கும் சொல். கோட்டையின் பெயரைத் தாங்கிய ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

கொத்தளம் வரை செல்லும் குகைவழியே எஸ்எஸ்ஹெச். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்டு, 1995-இல் தாத்து உலோனென் என்பவர் அதை உருவாக்கினார். மடிக்கணினியில் ஓர் எண்ணிட்ட வாயில் திறக்கப்படுகிறது. அங்கே இடப்படும் கேள்வி மறையாக்கப்பட்டுக் கொத்தளத்தை அடைந்து, அங்கிருந்து தரவுத்தளத்தின் 5432-ஆம் வாயிலுக்குப் போகிறது. மென்பொருளோ, தரவுத்தளம் தன் அருகிலேயே இருப்பதாக எண்ணிக்கொள்கிறது! கொத்தளத்துக்கு அப்பாலுள்ள கடைசித் துண்டுக்கு எஸ்எஸ்ஹெச்சின் காவல் இல்லை. ஆகவே அங்கே டிஎல்எஸ் மறையாக்கத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறார்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக இரு திறவுகோல்கள். பொதுத் திறவுகோல் கொத்தளத்தில் இருக்கும். தனித் திறவுகோல் மடிக்கணினியை விட்டு நீங்குவதில்லை.

முதன்முறை இணையும்போது கணினி ஒரு கைரேகையைக் காட்டி, இந்தச் சர்வரை நம்பலாமா என்று கேட்கிறது. பெரும்பாலோர் வாசியாமலே "ஆம்" என்று தட்டிவிடுவார்களாம். புளியரைச் சோதனைச் சாவடியில் சீருடையைக் கண்டதும் வண்டியை நிறுத்துகிறோம். சீருடைக்குள் இருப்பவர் யாரென்று எவர் கேட்கிறோம்? இவரோ மேகக் கணினியின் நிர்வாகப் பக்கத்திலிருந்து அக்கைரேகையை முன்னமே எடுத்து வைத்து, எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டாராம். இச்செய்தி என்னை மிகவும் மகிழ்வித்தது.

எல்லாருக்கும் வாயிலைத் திறந்து வைப்பது எளிது. ஒரு வரி மாற்றினால் போதும். அப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்களை 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கயவர்கள் அழித்து, மீட்புப் பணம் கேட்டனர். எருசலேமின் அலங்கத்தைக் கட்டி முடித்த நெகேமியா, வாயில்களுக்குக் காவலரையும், அவை திறக்கும் நேரத்தையும் ஏற்படுத்தினார் என்பதை அறிவீர்கள்.

ஆனால் குகை வழியைத்தான் காக்கும். இப்பக்கத்து வாயில் அமர்ந்திருப்பவரிடமிருந்து எதையும் காக்காது. மடிக்கணினி களவு போகலாம். ஆகவே தனித் திறவுகோலுக்கும் ஒரு கடவுத்தொடர் உண்டு. சோதனைகளுக்குக் கற்பனைப் பெயர்களையே பயன்படுத்துகிறார். அவர் நுழையும் கணக்குக்கு ஜெப விண்ணப்பங்களின் அட்டவணையை வாசிக்க அனுமதியில்லை. அத்தடையைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். "என் தெருக்காரர்களின் விண்ணப்பங்களும் அதில் இருக்கும், ஐயா" என்றார்.

முழு அதிகாரமுள்ள கணக்கின் கடவுச்சொல் ஓர் உறையில் இருக்கிறது. சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் மூப்பர் இருவர் முன்னிலையில் அதை முத்திரையிட்டு, சபையின் இரும்புப் பெட்டியில் வைத்தோம்.