வண்டி குடித்த தண்ணீர்

அரியமங்கலம் பக்கத்து லாரிப் பட்டறைகளில் காலை ஆறரைக்கு சத்தமே இருக்காது. ராத்திரி வந்து நின்ற வண்டிகள் ஆறிக் கிடக்கும். நான் போயிருந்த பட்டறையின் மேஸ்திரிக்கு வேண்டியதும் அந்த ஆறிய இன்ஜின்தான். "சூட்டுல பார்த்தா எதுவும் தெரியாது சார். இரும்பு விரிஞ்சு தானே அடைச்சுக்கும்" என்றார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்ததற்கு அவர் வலது கையில் முழங்கை வரை ஒரு தழும்பு இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார், அவ்வளவுதான்.

அன்று நின்றிருந்தது ஸ்ரீரங்கம் மேலூர்க்காரர் ஒருவரின் பத்துச் சக்கர லாரி. வாழைத்தார் ஏற்றிச் சென்னைக்குப் போய்வருகிற, செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. வாங்கிய நாளிலிருந்து தண்ணி குடிக்கிறது. ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் நாலைந்து லிட்டர் காணோம். நிறுத்திய இடத்தில் ஈரம் இல்லை. ஆயில் குச்சியை உருவினால் ஆயில் மோர் நிறத்தில் இல்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது. புகையிலும் வெள்ளை தெரியவில்லை. ஆனால் ஸ்டார்ட் பண்ணினால் ரேடியேட்டருக்குள் குமிழி கிளம்புகிறது. குமிழியைப் பார்த்ததும் வேறொரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று ஹெட்டை இறக்கி, புது கேஸ்கெட் போட்டு ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். காசு போனது, குமிழி போகவில்லை.

"திருவானைக்காவல்ல தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு, நம்ம வண்டியில காணாமப் போய்க்கிட்டே இருக்கு" என்றார் உரிமையாளர். அங்கே நீர் ஊறும் ஜம்புகேசுவரர் சந்நிதியைத் தாண்டித்தான் அவர் தினமும் டவுனுக்கு வருகிறார். மேஸ்திரி சிரிக்கவில்லை. டார்ச்சை ரேடியேட்டரின் மேல் தொட்டிக்குள் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள் சுவரில் மஞ்சளாக ஏடு படிந்திருந்தது. மஞ்சள்தூள். வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கைப்பிடி மஞ்சள்தூளைக் கொட்டி ஊர் வந்து சேர்வது டிரைவர்களின் பழைய வைத்தியம். விற்றவருக்கு நோய் தெரிந்திருக்கிறது, மருந்துதான் மாறிப்போயிருக்கிறது.

முந்தின நாளே மேஸ்திரி இரண்டு காரியம் செய்து வைத்திருந்தார். பழைய போர் தண்ணீரை வடித்துவிட்டு, பச்சைக் கூலண்டை டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றினார். கூலண்ட் வண்டிக்கு நல்லது என்பதற்காக மட்டும் இல்லை. பச்சை எங்கே எட்டிப்பார்த்தாலும் அடையாளம் தெரியும். (மிச்ச கேனை இறுக மூடி அலமாரி மேல் ஏற்றினார். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் தித்திக்கும் விஷம். பட்டறை நாய் நக்கினால் பிழைக்காது.) இரண்டாவது, மூடி. மூடியின் தலையில் 0.9 என்று அடித்திருந்தது. அந்த அழுத்தத்தை மூடி தாங்கினால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். தாங்காவிட்டால் 100-லேயே கொதித்து, ஓடுகிற வழியெல்லாம் ஆவியாகப் போய்விடும். ரப்பர் வெடித்திருந்தது. மாற்றினார். ஐந்து லிட்டருக்கு இது மட்டும் காரணமாக இருக்காது என்றும் சொன்னார்.

புது மூடிக்குப் பதிலாக ராத்திரிக்கு அந்த வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் இருந்த அளவுக்கே அழுத்தம் ஏற்றினார். வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் பம்பின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. தாளில் ஒரு சொட்டு இல்லை.

திருவெறும்பூர் பெல் ஆலையில் 1960-களின் நடுப்பகுதியிலிருந்து கொதிகலன் செய்கிறார்கள். அங்கும் இதே சோதனைதான். பாகங்களில் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பார்கள். பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஓர் உத்தியோகம். அதற்குச் சம்பளம் உண்டு. மேஸ்திரியின் செய்தித்தாளுக்கு என்ன கூலி என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

வெளியே வராத தண்ணீர் எங்கே போயிருக்கும்? சிலிண்டருக்குள் போகலாம், ஆயிலில் கலக்கலாம். புது வண்டிகளில் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் ஓட்டையாகி, சைலன்சர் வழியாகவும் போகலாம். மேஸ்திரி அதையெல்லாம் விட்டுவிட்டு, இன்ஜினைச் சற்று ஓட்டி நிறுத்தி, லாரிக்கு அடியில் படுத்து, ஏர் டேங்கின் டிரெயின் காக்கைத் திறந்தார். காற்றிலிருக்கும் ஈரம் தங்குவதால் எந்த ஏர் டேங்கிலும் கொஞ்சம் தண்ணீர் வரும், ஆயில் பிசுக்கோடு வரும். இதில் வந்தது பச்சை.

லாரி பிரேக்குக்கு வேண்டிய காற்றை இன்ஜினோடு சுற்றுகிற ஏர் கம்ப்ரசர் அடிக்கிறது. அதன் ஹெட்டைக் குளிர்விக்க ரேடியேட்டர் தண்ணீர்தான் போய்வருகிறது. அந்தச் சின்ன ஹெட்டின் கேஸ்கெட் வாய்விட்டால் இரண்டு பக்கமும் கொள்ளை. ஓடும்போது ஏழெட்டு கிலோ அழுத்தக் காற்று தண்ணீருக்குள் புகுந்து, ஒரு கிலோகூடத் தாங்காத மூடியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை ரோட்டில் தள்ளும். காற்றில் காய்ந்துபோவதை யாரும் பார்ப்பதில்லை. நின்றபின் தண்ணீர் மெதுவாகக் கம்ப்ரசருக்குள் இறங்கும், அடுத்த ஸ்டார்ட்டில் ஏர் டேங்குக்குப் போகும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் இதைப் பிடித்திருக்க வேண்டும். அதன் சரக்கு மாற்றி வருஷக்கணக்காகியிருந்தது. பிரேக் வால்வுகளுக்குள் தண்ணீர் போவதை நினைத்தால் காணாமல்போன ஐந்து லிட்டர் ஒன்றுமே இல்லை.

பச்சையைப் பார்த்தும் அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. பட்டறைப் பையனை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, "காத்து முள்ளைப் பார்த்துச் சொல்றா" என்றார். இன்ஜின் ஓடியது, முள் ஏறியது, ரேடியேட்டரில் குமிழி. எட்டைத் தொட்டதும், காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் புஸ்ஸென்று விட்டது, கம்ப்ரசர் சும்மா சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் குமிழி நின்றது. பையனை நாலைந்து முறை பிரேக் மிதிக்கச் சொன்னார். காற்று இறங்கி, கம்ப்ரசர் மறுபடி அடிக்கத் தொடங்கியதும் குமிழி திரும்பி வந்தது. இன்ஜின் ஹெட்டில் கோளாறென்றால் குமிழிக்குக் கவர்னரைத் தெரியாது. எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் அன்றைய வேலை முழுவதும். மிச்சம் நாலு போல்ட்.

கம்ப்ரசர் ஹெட் லேத்துக்குப் போனது, ரேடியேட்டர் பால்பண்ணைப் பக்கம் பாய் கடைக்கு. பாய் இரண்டு வாயையும் ரப்பரால் அடைத்து, காற்றேற்றித் தொட்டியில் முக்கினார். தண்ணீர் அலை அடங்கும்வரை பேசவே இல்லை. ஒழுகல் இல்லை, மஞ்சள்தூளும் உப்பும் சேர்ந்து குழாய்களில் பாதியை அடைத்திருந்தன. மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கிக் கழற்றி, குழாய் குழாயாகத் தட்டைக் கம்பி விட்டார். திரும்ப ஈயம் வைக்கும் முன், துத்தநாகம் கரைத்த ஆசிட்டைத் தடவினார்; கண்ணெரிந்து நான் வெளியே வந்துவிட்டேன். இந்த வேலை செம்பும் பித்தளையும் இருக்கிறவரைதான். இப்போது வருவது அலுமினியக் கோர், பிளாஸ்டிக் தொட்டி. ஈயம் ஒட்டாது. "அதுல ஓட்டையைக் கண்டுபிடிச்சுச் சொல்லலாம். சொன்னா புதுசு வாங்கப் போயிடுவாங்க. எனக்கு டீக்காசு வராது" என்றார்.

சாயங்காலம் பில். கேஸ்கெட், லேத், ரேடியேட்டர், டிரையர் சரக்கு, கூலண்ட், கூலி. உரிமையாளர் கடைசி வரியில் விரலை வைத்தார். "அண்ணே, கழட்டி மாட்ட ஒரு மணி நேரம்தானே ஆச்சு?" ஹெட்டை வீணாக இறக்கிய பட்டறையில் இதைப்போல பல மடங்கு கூலியைப் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். மேஸ்திரி கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ராத்திரிச் சோதனையை, காலை குமிழியை ஏன் எழுதவில்லை என்று பிறகு கேட்டேன்.

"பார்த்ததுக்கு யார் சார் காசு குடுப்பா? கழட்டினாத்தான் குடுப்பாங்க."

அதற்குள் உரிமையாளர் வண்டியில் ஏறியிருந்தார். மேஸ்திரி கதவருகே போய், பத்து நாளைக்குத் தினமும் காலையில் ஏர் டேங்கைத் திறந்து பார்க்கச் சொன்னார். "பச்சையா ஒரு சொட்டு வந்தாலும் வண்டியை எடுக்காதீங்க. போன் பண்ணுங்க, நான் வர்றேன்." அந்த வருகையும் பில்லில் ஏறாது.