பாசோ காட்டுச் சிறுதேரை

சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைச்சாலையில் ஏறி இறங்கி, குவாலா கெலவாங் வழியாகச் சிம்பாங் பெர்த்தாங் நோக்கிச் செல்லும் பயணி, நெடுந்தொலைவு தொடர்ந்து வரும் செம்பனை வரிசைகளுக்கு அப்பால் பாசோ வனக்காப்பகத்தின் உயர்ந்த மரங்களைக் காண்கிறார். மெராந்தி, கெருயிங் முதலிய பெருமரங்கள் ஓங்கிய இத்தாழ்நில மழைக்காட்டில், 1980களில் 50 ஹெக்டேர் நிலம் அளக்கப்பட்டு, ஒரு சென்டிமீட்டர் தடிமனை எட்டிய இளங்கன்றுகள் உட்பட 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் கணக்கெடுக்கப்பட்டன. மரங்களுக்குக் கிடைத்த இக்கவனம் அவற்றின் அடியில் வாழும் சிற்றுயிர்களுக்கும் உரியதே.

தோட்டப்புறத் தமிழர் நன்கறிந்த தேரை, மழை ஓய்ந்த இரவில் லயத்து வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்க வருவது. தமிழ்நாட்டு முற்றங்களில் உலவும் தேரையும் அதே இனம்தான். காட்டுக்குரிய சிறுதேரையோ வேறு. மலாக்காவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1887இல் பூலஞ்சே என்னும் விலங்கியலாளர் விவரித்த இவ்வினம், இன்று இங்கரோஃப்ரைனஸ் பார்வஸ் என்று வழங்கப்படுகிறது. தென்கிழக்காசியத் தவளைகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ராபர்ட் இங்கரின் பெயரே இப்பேரினத்துக்கு 2006இல் சூட்டப்பட்டது. வளர்ந்த ஆண் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அதன் தலைமேல் எலும்பு வரம்புகள் மேடிட்டிருக்க, கண்ணுக்குப் பின்னால், பகைவிலங்கின் வாயில் கசக்கும் நச்சுப்பாலைச் சுரக்கும் சுரப்பி புடைத்திருக்கும். பழுப்பும் கருமையும் கலந்த பருக்கள் நிறைந்த தோலோ உதிர்ந்த இலைகளின் நிறத்தோடு ஒன்றிவிடுவதால், அது நகர்ந்தாலன்றிக் கண்ணில் படுவதில்லை.

இத்தேரை வாழ ஈரம் காயாத சருகும், முட்டையிட ஓடை ஓரத்தில் வேகமின்றித் தேங்கும் நீரும் வேண்டும். மலைத்தொடரின் மழைமறைவில் அமைந்த பாசோ, தீபகற்ப மலேசியாவில் மழை குறைந்த பகுதிகளுள் ஒன்று என்பதால், இங்கு அவ்வீரத்தைக் காப்பதில் மரநிழலின் பங்கு மிகப் பெரிது. செம்பனை நிழல் அதற்கு ஈடாகாது. பனைகளுக்கிடையே தரை வெப்பம் கூடிச் சருகும் குறைவதால், திறந்தவெளிக்குப் பழகிய தவளைகளே அங்குப் பெருகுகின்றன. சிறுதேரை உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அன்று என்பது உண்மையே. எனினும் காடு துண்டுபடுமிடத்தில் அதன் வாழிடமும் துண்டுபடுகிறது. ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய செம்பனையை வெட்டி மறுநடவு செய்யும் தோட்ட நிர்வாகங்கள், அவ்வேளையில் ஓடைக்கரைகளை நடவுக்கு எடுக்காமல் காட்டுமரங்களுக்கே விட்டுவைக்க வேண்டும்.